ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்குக் குழாய் வராது

கேள்வி: மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அரசாங்க நிலத்தில் 28 வீடுகள் இருக்கின்றன. எல்லாரும் ஒரு காலத்தில் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ஆறு வீட்டார் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். எங்கள் வீட்டு நிலத்தின் டி.ஓ.எல். எனும் தற்காலிக நில உரிமம் என் கணவர் பெயரில் இருக்கிறது. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முன்பு பிப்ரவரியில்தான் கிணறு வற்றும். இப்போது ஜூன், ஜூலையிலும் சேறுதான் வருகிறது. அரசாங்கக் குழாய் 900 மீட்டர் தள்ளிப் பெரிய சாலையில் போகிறது. நடுவில் தோட்டத்துச் சாலை. வீட்டுக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் மூன்று மாதத்தில் மீட்டர் வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். "உள்ளே எனக்கு ஆள்கள் இருக்கிறார்கள்" என்கிறார். பாதிப் பேர் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள். கொடுக்கலாமா? வேறு வழி இருக்கிறதா? குழாய் வந்தால் கிணற்றை மூடிவிட வேண்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே கொடுத்தவர்கள் இருந்தால் ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அந்த ரசீது தண்ணீர் நிறுவனத்தின் ரசீதா, கடையில் வாங்கிய ரசீதுப் புத்தகத்தில் கிழித்ததா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

28 வீட்டுக்கு 1,800 வீதம் 50,400 வெள்ளி ஆகிறது. இந்தப் பணத்தில் 900 மீட்டருக்குப் பள்ளம் தோண்டி, முறையான பெரிய குழாய் பதித்து, வால்வு வைத்து, சாலையைப் பழையபடி மூடிக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் மனத்தில் இருப்பது வேறாக இருக்கலாம். நான் பார்த்தவரை இப்படிப்பட்டவர்கள் செய்வது இரண்டே வேலை. ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "மேலே போயிருக்கிறது" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பது. இரண்டு, சாலையோரம் இருக்கும் யாருடைய மீட்டரிலிருந்தோ ஒரு கறுப்புப் பாலி பைப்பை இழுத்து உங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவது.

அந்தக் கறுப்பு பைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். முதல் நாள் திறந்து பார்த்தால் தண்ணீர் வரும், கை தட்டுவோம். பெரிய சாலையில் 2 பார் அழுத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் பைப்பில் 900 மீட்டர் ஓடி வரும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 லிட்டர்தான் கிடைக்கும். ஒரு வீட்டுச் சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்தால் போகிற அளவு அது. அதை 28 வீட்டுக்குப் பிரித்தால் விடியற்காலையில் முதலில் எழுந்தவர் குளிப்பார், மற்றவர்கள் வாளியோடு நிற்பார்கள். உங்கள் இடம் மேட்டில் இருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 பார் அழுத்தம் குறைந்துவிடும். இதற்கு மேல், யாருடைய மீட்டரோ அவர் பெயரில்தான் மொத்த பில்லும் வரும். அவருக்கும் உங்களுக்கும் சண்டை வரும். தண்ணீர் நிறுவனம் கண்டுபிடித்தால் வெட்டிவிடும். அப்போது அந்தப் பெரிய மனிதர் வேறு ஊரில் வேறு 28 வீடுகளோடு இருப்பார்.

நீங்கள் முறையாகக் கொடுக்க வேண்டிய பணம் எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு வாசல் வரை பெரிய குழாய் வந்த பிறகு, அதிலிருந்து உங்கள் மீட்டருக்கும் வீட்டுக்கும் இணைப்புப் போடும் செலவு உங்களுடையது. அந்த வேலையை ஸ்பான் எனப்படும் தேசியத் தண்ணீர்ச் சேவை ஆணையத்தின் பெர்மிட் உள்ள குழாய்க்காரர்தான் செய்ய வேண்டும். பெர்மிட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். மீட்டருக்கான வைப்புத்தொகையை நெகிரி செம்பிலான் தண்ணீர் நிறுவனத்தின் கவுண்டரில் நீங்களே கட்டலாம். கவுண்டருக்கு வெளியே கை மாறும் எந்த வெள்ளிக்கும் கணக்கு இல்லை.

அப்படியானால் பெரிய சாலையிலிருந்து உங்கள் இடம் வரையிலான 900 மீட்டரை யார் போடுவது? உங்கள் கேள்வியின் மையமே இதுதான். தனி வீட்டுக்காரர் விண்ணப்பம் போட்டு அது வராது. ஒன்று மாநில அரசாங்கத்தின் ஒதுக்கீட்டில் வர வேண்டும். அல்லது கிராமப்புற, வட்டார மேம்பாட்டு அமைச்சின் கிராமத் தண்ணீர்த் திட்டத்தில் வர வேண்டும். அமைச்சின் திட்டத்தைக் கடிதங்களில் பி.ஏ.எல்.பி. என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் வழி மாவட்ட அலுவலகம்தான். அங்கே ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் இடத்தின் பெயர் இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். அநேகமாக இருக்காது.

ஏன் இருக்காது என்றால், பட்டியலில் பெயர் சேர்க்கும் வேலை பெரும்பாலும் கிராமக் குழுக்கள் வழியாக நடக்கிறது. கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, ஜே.பி.கே.கே. என்ற கிராம மேம்பாட்டு, பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது, தலைவர் இருக்கிறார், கூட்டத்தில் கை தூக்க ஆள் இருக்கிறது. தோட்டத்து ஓரத்தில் இருப்பவர்களை யாரும் கம்பம் என்று எண்ணுவதில்லை, தோட்டம் என்றும் எண்ணுவதில்லை. கம்பத்து அதிகாரியைக் கேட்டால் "அது தோட்டத்து ஆள்கள்" என்பார். தோட்ட நிர்வாகியைக் கேட்டால் "அது அரசாங்க நிலம்" என்பார். இரண்டும் உண்மைதான், அதனால்தான் தண்ணீர் வரவில்லை. நாடு முழுவதும் சுத்திகரித்த நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே ஒழுகியும் மீட்டரில் பதிவாகாமலும் போகிறது. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்த அமைப்புக்கு, 28 வீட்டுக்குக் குழாய் போடும்போது மட்டும் கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது.

இன்னும் தோட்டத்தில் வேலை செய்யும் ஆறு வீட்டாருக்கு ஒரு வார்த்தை. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், முதலாளி கொடுக்கும் வீட்டில் தொழிலாளிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டிய கடமையை முதலாளி மேல் வைக்கிறது. நீங்கள் இருப்பது கம்பெனி வீடு இல்லை, எனவே அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன், தொழிலாளர் துறை வாசலில் ஒரு நாள் வீணானதுதான் மிச்சம்.

இனி நிலம். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு தோட்டத்தின் இரும்புக் கேட் வரை குழாய் வந்து நின்றது. பணம் இருந்தது, குழாய் இருந்தது, குழாய் போடும் குத்தகைக்காரர் இருந்தார். கேட்டுக்கு உள்ளே போக ஒரு சம்மதக் கடிதம் இல்லை. தோட்ட நிர்வாகி நல்ல மனிதர்தான். "தலைமையகம்தான் சொல்ல வேண்டும்" என்றார். தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தது. நிர்வாகி மாற்றலாகிப் போனார், புதியவருக்குக் கோப்பே தெரியாது. இரண்டு ஆண்டுகள் அந்தக் குழாயின் முனை மூடி போட்டபடி புல்லுக்குள் கிடந்தது.

அதனால் மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தோட்டத்துச் சாலை எந்த லோட் எண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஜெம்போல் மாவட்ட நில அலுவலகத்தில் அந்த எண்ணுக்குச் சாரியான், அதாவது நிலப் பதிவு விவரம், எடுங்கள். சிறிய கட்டணம்தான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சாலை கம்பெனியின் கிராண்டுக்குள் (நிலப் பட்டாவுக்குள்) இருக்கிறதா, அல்லது தோட்டம் நெடுநாளாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும், சாலைக்காக அரசாங்கம் ஒதுக்கிய நிலமா? ஒதுக்கீடு என்றால் கம்பெனியின் சம்மதம் தேவைப்படாது, அரசாங்கத் தரப்பின் அனுமதி போதும். எவ்வளவோ பேர் இல்லாத உரிமைக்காகத் தோட்டத்துக் கிராணியின் மேசை முன்னால் நிற்கிறார்கள். கம்பெனி நிலம்தான் என்றால், நிர்வாகிக்கு எழுதும் கடிதத்தின் நகலைத் தலைமையகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அடுத்தது உங்கள் கணவர் பெயரில் இருக்கும் உரிமம். இதை நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டி.ஓ.எல். என்பது தற்காலிக உரிமம். எந்த மாதத்தில் கொடுத்தாலும் அது அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் கட்டுவது பழைய உரிமத்துக்கான வாடகை இல்லை, அடுத்த ஆண்டுக்கு உரிமத்தைப் புதுப்பிக்கும் கட்டணம். அந்த உரிமத்தை விற்க முடியாது, எழுதிக் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போகவும் முடியாது. உரிமக்காரர் இறந்தால் உரிமமும் முடிந்தது. தேசிய நிலச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வீட்டுக்குப் பெயர் மாற்றுவதுபோல் இதற்குப் "பெயர் மாற்றம்" என்று ஒன்று கிடையாது; உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த நான்கு ஆண்டுகளில் நீங்கள் இறந்தவர் பெயரில் பணம் கட்டியிருந்தால் கவுண்டரில் வாங்கிக்கொண்டிருப்பார்கள். பணம் வாங்கும் கவுண்டரில் யாரும் இறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை, மீட்டர் கொடுக்கும் இடத்தில்தான் கேட்பார்கள். அதனால் இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பழைய டி.ஓ.எல். ரசீதுகள், உங்கள் அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இப்போதே நில அலுவலகத்துக்குப் போங்கள். குழாய் வரும் நாளில் ஓடக் கூடாது. "பழைய பெயரிலேயே போடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று அந்த 1,800 வெள்ளிக்காரர் சொன்னால், அதற்காகவே அவரை வாசலைத் தாண்டி விடாதீர்கள். இறந்தவர் பெயரில் கணக்குத் திறப்பது உங்களுக்குப் பின்னால் பெரிய தொல்லை. மற்ற 27 வீட்டாரும் தங்கள் உரிமத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பார்க்கட்டும். பாதி வீட்டிலாவது அப்பா பெயர் இருக்கும், அப்பா இருக்க மாட்டார்.

மனுவில் அழுகை வேண்டாம், கணக்கு எழுதுங்கள். எத்தனை வீடு, எத்தனை தலை, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர், பெரிய சாலைக் குழாயிலிருந்து எத்தனை மீட்டர், எந்த மாதங்களில் எந்தக் கிணறு வற்றுகிறது. நம் நாட்டில் வீட்டுப் பயன்பாடு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் உங்களுக்கு நாளைக்குச் சுமார் 22,000 லிட்டர் தேவை. இந்த எண்ணை எழுதிவிட்டால் என்ன அளவுக் குழாய் வேண்டும் என்று பொறியாளர் பார்க்கத் தொடங்குவார். மாவட்ட அதிகாரிக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, தண்ணீர் நிறுவனத்தின் வட்டார அலுவலகத்துக்கு ஒன்று கொடுத்து, மூன்றிலும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2026 முதல் 2030 வரையிலான 13ஆவது மலேசியத் திட்டத்தின் கீழ் எந்த ஆண்டில் பட்டியலில் சேர்க்கப் போகிறார்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். மத்திய பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் வரும், அதற்குப் பிறகு போய் நிற்பதில் பயனில்லை.

கிணறு ஏன் இப்படி ஆனது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பக்கத்து ஜெலுபு வட்டாரம்தான் தீபகற்பத்திலேயே மழை மிகக் குறைந்த பகுதி. பகாவ் பக்கமும் அதே வறண்ட பட்டையில் இருக்கிறது. ஐந்தாறு மீட்டர் கிணறு மேல்மண்ணில் ஊறும் மழைநீரைத்தான் நம்பியிருக்கிறது. தோட்டத்தில் மறுநடவு செய்யும்போது வாய்க்காலை ஆழமாக வெட்டியிருந்தால் அந்த ஊற்று அங்கே வடிந்துவிடும். இன்னும் இரண்டு மீட்டர் தோண்டினால் ஒரு கோடை தாங்கும், அடுத்தது தாங்காது. "டியூப் வெல் போடுங்கள், கட்டாயம் தண்ணீர் வரும்" என்று வருகிறவரிடமும் கவனமாக இருங்கள். கடினப் பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் தண்ணீர் நிற்கும். நிலத்தடியின் மின்தடையைக் கருவி வைத்து அளக்காமல் சும்மா காலால் தட்டிப் பார்த்து அந்த வெடிப்பைக் கண்டுபிடிக்க முடியாது. கனிம, புவி அறிவியல் துறையிடம் கேட்டுவிட்டுத்தான் ஒரு வெள்ளியாவது இறக்க வேண்டும். கிடைத்தாலும் இரும்புச்சத்து அதிகமாக இருந்தால் வெள்ளை வேட்டி செம்மண் நிறமாகும்.

இப்போதைக்குக் கூரையிலிருந்து மழைத் தொட்டி வையுங்கள். வறட்சி முற்றும்போது தண்ணீர் லாரி அனுப்பச் சொல்லி மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள். ஆனால் உரம் போடும் செம்பனைக்குப் பக்கத்துக் கிணற்றில் நைட்ரேட் இருந்தால் கொதிக்க வைப்பதால் அது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். சுகாதார அலுவலகத்தில் மாதிரி கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கிணறு. மூட வேண்டாம். குழாய் வந்த பிறகும் செடிக்கும் துணிக்கும் கிணறு உதவும், மழைக்காலத்தில் பில் குறையும். ஒன்று மட்டும் கூடாது: கிணற்று மோட்டாரின் பைப்பையும் அரசாங்கக் குழாயின் பைப்பையும் ஒரே தொட்டிக்கோ ஒரே வீட்டு இணைப்புக்கோ கொண்டு வந்து நடுவில் ஒரு வால்வு வைத்து மாற்றி மாற்றித் திறப்பது. வால்வு ஒரு நாள் கசியும், சாலையில் அழுத்தம் விழும் நேரத்தில் உங்கள் கிணற்று நீர் பெரிய குழாய்க்குள் பின்னோக்கிப் போகும், 28 வீடும் அதைக் குடிக்கும். கிணற்றுக்குத் தனி பைப், தனித் தொட்டி, தனிக் குழாய் வையுங்கள். கிணற்றுக் குழாய்க்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கும் எது எது என்று தெரியும்.