கேள்வி-பதில்: ஆதார்ல விரல் வச்சு பணம் எடுக்குறது சேஃபா?

கேள்வி: அம்மா ஊர்ல தனியா இருக்காங்க, ஏடிஎம் கார்டு கிடையாது. அரசாங்கம் மாசாமாசம் குடுக்குற மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயை பக்கத்து கடையில ஆதார் நம்பர் சொல்லி விரல் வச்சு எடுக்குறாங்க. ஓடிபியும் இல்ல, பின் நம்பரும் இல்ல. பயமா இருக்கு, நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்த வேணாம்ங்க, பேங்க் அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி இருக்குற ஊருக்கு இதவிட நல்ல வசதி இல்ல. ஆனா நீங்க பயப்படுறதுலயும் அர்த்தம் இருக்கு. இப்படி ஆதார், ரேகை வச்சு பணம் எடுக்குற முறைக்கு ஏஇபிஎஸ்னு பேரு, இதுல ஆதார் நம்பர், பேங்க் பேரு, ரேகை மூணும் போதும், பணம் போயிடும். பின் நம்பர் லீக் ஆனா மாத்திக்கலாம், விரல எங்க போய் மாத்துறது? பத்திரப்பதிவு பேப்பர்ல இருந்த ரேகைய எடுத்து ரப்பர்ல அச்சு பண்ணி பணம் எடுத்த கேஸெல்லாம் வடக்க நிறையவே நடந்திருக்கு.

அதனால ஆதார்ல இருக்குற பயோமெட்ரிக்க, அதாவது ரேகைப் பதிவ, லாக் பண்ணி வைங்க. ஆதார் ஆப்லயோ, ஆதார் குடுக்குற யூஐடிஏஐ சைட்லயோ பண்ணலாம், ஆதார்ல லிங்க் ஆன மொபைலுக்கு ஓடிபி வரும். பணம் எடுக்கப் போறப்ப தற்காலிகமா திறந்தா கொஞ்ச நேரத்துல தானா திரும்ப லாக் ஆயிடும். லாக்ல இருந்தாலும் உரிமைத்தொகை அக்கவுண்டுக்கு வர்றது நிக்காது, எடுக்குறது மட்டும்தான் நிக்கும். ஒரே தொல்லை, ரேஷன் கடையிலயும் ரேகை விழாது, அம்மா அங்க போய் நின்னுட்டு உங்களுக்கு போன் அடிப்பாங்க, நீங்க மீட்டிங்ல இருப்பீங்க, கூத்துதான். இது ஒத்துவராதுன்னா பேங்க்ல கேட்டுப் பாருங்க, சில பேங்க்ல அந்த அக்கவுண்டுக்கு ஏஇபிஎஸ்ஸ மட்டும் நிறுத்தி வைப்பாங்க.

ரப்பர் ரேகையவிட எனக்கு பெரிய கவலை கடை கவுண்டர்தான். "ரேகை விழலம்மா, இன்னொருக்கா வைங்க"ன்னு சொல்லுவாங்க, முதல் தடவையே பணம் எடுத்திருப்பாங்க. பேலன்ஸ் பாக்க சொன்னா பணம் எடுக்குற பட்டனை அமுக்குறதும் உண்டு. ஒவ்வொரு தடவ விரல் வச்சதுக்கும் ரசீது கேக்க சொல்லுங்க, விழலன்னாலும் அதுக்கும் ரசீது வரும். கமிஷன்னு பத்து இருபது புடிச்சா குடுக்க வேணாம், அவங்களுக்கு பேங்க் தனியா கமிஷன் குடுக்குது.

பணம் போயிட்டா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, பேங்க்லயும் எழுத்துல புகார் குடுங்க. உங்க மேலயும் பேங்க் மேலயும் தப்பு இல்லாம வெளியாள் பண்ண மோசடின்னா, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நஷ்டம் உங்களுக்கு இல்லன்னு 2017லயே ஆர்பிஐ சொல்லிடுச்சு. தேதி போட்ட ஒப்புகை வாங்காம கிளம்பாதீங்க.

கேள்வி: கம்ப்யூட்டர் சென்டர்ல "ஸ்மார்ட் ஆதார்"னு பிளாஸ்டிக் கார்டு போட்டுத் தர்றாங்க. வாங்கினா கடையில தேய்ச்சு பணம் கட்டலாமா?

பதில்: முடியாது. ஆதார் கார்டுல சிப்பே கிடையாது, க்யூஆர் கோடு மட்டும்தான். மலேசியாவுல மைகார்டுங்கிற அடையாள அட்டையில சிப் இருக்கு, 2025ல அரசாங்க உதவிப் பணத்த அத வச்சே கடையில பொருளா வாங்கினாங்க, அது வேற ஏற்பாடு. பிளாஸ்டிக் கார்டுதான் வேணும்னா யூஐடிஏஐ சைட்லயே ஆர்டர் போடுங்க, தபால்ல வந்துடும். அந்த சென்டர்காரர் கம்ப்யூட்டர்ல உங்க ஆதார் பைல் கிடக்க வேண்டிய அவசியமே இல்ல.