பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட்

"அண்ணா, அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகிறது. வேலி போடும் வேலைக்குப் போகிறேன். பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். பின்பக்கத் தொட்டியில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் வட்ட ரம்பம் ஓட்டலாம், டிரில் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றலாம். 2000 வாட் இன்வெர்ட்டர் மலிவாகக் கிடைக்கிறது. சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

போதாது. அதில் செருகவே செருகாதீர்கள். அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் ஃபியூஸ் 10 முதல் 20 ஆம்பியர்தான். கம்பியும் அதற்கேற்ற மெல்லிய கம்பி. 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 120, 150 வாட் வரை நிம்மதியாக எடுக்கலாம். மடிக்கணினிக்கும் போனுக்கும் அது சரி. ரம்பத்துக்கு ஃபியூஸ் போய்விடும். போன ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸைப் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிப் போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், டாஷ்போர்டுக்குள் இருக்கும் கம்பி உருகும்.

இன்வெர்ட்டர் என்றதும் நம் மனத்தில் வருவது ஊரில் வீட்டு மூலையில் இருக்கும் பெட்டிதான். கரண்ட் போனதும் மின்விசிறியையும் விளக்கையும் மணிக்கணக்கில் தாங்கும். நானும் அந்த நினைப்போடுதான் வந்தேன். அந்தப் பெட்டியோடு இருக்கும் பேட்டரி, அடிவரை இறங்கி மறுபடி ஏறுவதற்காகவே செய்யப்பட்டது. வண்டி பேட்டரி அப்படி இல்லை. இன்ஜினைக் கிளப்பும் சில விநாடிகளுக்குப் பெருமின்னோட்டத்தைக் கொட்டிவிட்டு ஓய்வதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. அதைச் சில முறை அடிவரை இறக்கினாலே ஆயுள் முடிந்துவிடும். 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 420 வாட்-மணி. 500 வாட் சுமை வைத்தால், இன்வெர்ட்டருக்குள் வீணாவது போக, முக்கால் மணி நேரம் ஓடினாலே பெரிது. மிச்சிகன் குளிரில் அதுவும் கிடைக்காது. நான் இங்கே 19 ஆண்டுகளாக இருக்கிறேன். ஜனவரியில் பேட்டரியின் பலம் பாதிக்கும் கீழே போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஆகவே இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை முதலில் பார்க்காதீர்கள். உங்கள் கருவிகளின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பிளக் உள்ள வட்ட ரம்பத்தில் பெரும்பாலும் 15 ஆம்பியர் என்று இருக்கும். இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட் என்பதால் அது 1800 வாட். அதே சக்தியைப் பேட்டரிப் பக்கம் 12 வோல்ட்டில் இழுக்க வேண்டும். இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் 170 ஆம்பியர் ஆகிறது. மோட்டார் கிளம்பும் நொடியில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்கும். உங்கள் பழைய வண்டியின் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி), இன்ஜின் மெதுவாக ஓடும்போது தன் முழு அளவில் பாதியைத் தந்தாலே பெரிது. அதிலும் ஒரு பங்கை இன்ஜினும் விளக்குகளும் ஹீட்டர் விசிறியும் எடுத்துக்கொள்ளும்.

என் யோசனை இதுதான். ரம்பத்தைப் பேட்டரியில் ஓடும் ரம்பமாக மாற்றிக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரைச் சார்ஜருக்கும் சிறு கருவிகளுக்கும் மட்டும் வையுங்கள். சார்ஜர்கள் சில நூறு வாட்டுக்குள் அடங்கும். அதற்கு 1000 வாட், தூய சைன் அலை, அதாவது வீட்டு மின்சாரம் போலவே சீராக ஏறி இறங்கும் அலை தரும் இன்வெர்ட்டர் தாராளம். மலிவான பெட்டிகளில் 'மாற்றியமைத்த சைன் அலை' என்று எழுதியிருப்பார்கள். அது படிக்கட்டு போல ஏறி இறங்கும் அலை. அதில் சில சார்ஜர்கள் சூடாகும், மோட்டார்கள் முனகும். நாள் முழுக்கப் பிளக் போட்ட ரம்பம்தான் வேண்டும் என்றால் சிறிய ஜெனரேட்டர் ஒன்று வாங்குவது மேல்.

ஊரிலிருந்து டிரில் ஏதாவது கொண்டுவந்திருந்தால் இதில் செருகாதீர்கள். 230 வோல்ட் மோட்டாருக்கு 120 வோல்ட் போதாது. சீட்டில் 100–240 என்று இருக்கும் போன், மடிக்கணினி சார்ஜர்களுக்கு மட்டும் கவலை இல்லை.

இனி கம்பி. இந்த வேலையில் முக்கால் பங்கு கம்பிதான். இங்கே கம்பியின் தடிமனை கேஜ் எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 14 கேஜ் என்பது நம் கணக்கில் 2 சதுர மில்லிமீட்டர், 4 கேஜ் 21, 2 கேஜ் 33. 1000 வாட்டுக்கு ஏறத்தாழ 95 ஆம்பியர் ஓடும். பேட்டரியிலிருந்து பின் இருக்கை வரை 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போகவர 8 மீட்டர். 4 கேஜ் கம்பியில் வழியிலேயே 0.6 வோல்ட் தொலையும். அதாவது 60 வாட் அளவுக்குக் கம்பியைச் சூடாக்கவே போகும். 2 கேஜ் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டாகக் குறையும். 2 கேஜ் போடுங்கள். செம்புக் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசியதும் அதே தடிமனில் மலிவாக விற்கிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

கம்பி முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் துளையுள்ள செம்பு முனை) பொருத்துவதைச் சுத்தியலால் தட்டி முடித்துவிடாதீர்கள். உறையை 2 சென்டிமீட்டர் அளவுக்கு உரித்தால் நூற்றுக்கணக்கான மெல்லிய செம்பு இழைகள் மினுங்கும். ஒன்றுகூட வெட்டுப்படாமல் லக்கின் குழலுக்குள் நுழைய வேண்டும். லக்கை நசுக்கிக் கம்பியோடு பிணைக்கும், நீண்ட கைப்பிடி உள்ள கிரிம்ப் கருவியால் அறுகோண வடிவில் அழுத்துங்கள். பிறகு கம்பியைப் பிடித்து உங்கள் பலம் முழுவதையும் போட்டு இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. அதன் மேல் உட்பக்கம் பசை தடவிய சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடுகாட்டினால், இரு ஓரத்திலும் பசை ஒரு கோடாகக் கசிந்து நிற்கும். அந்தக் கோடு தெரிந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போகாது. குளிர்காலத்தில் இங்கே சாலையெல்லாம் உப்பு கொட்டுவார்கள். அது செம்பைப் பச்சையாக்கி அரித்துவிடும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள் 150 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்க வேண்டும். வண்டி மோதி கம்பி வண்டியின் இரும்பு உடம்பில் உரசினாலும் தீப்பிடிக்காமல் காப்பாற்றப்போவது அதுதான். அதை இன்வெர்ட்டர் பக்கம் வைத்துப் பயனில்லை. நெகட்டிவை நேராகப் பேட்டரி முனையில் கட்டும் முன் அங்கே பேட்டரியின் மின்னோட்டத்தை அளக்கும் சிறு உணர்கருவி பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பல வண்டிகளில் உண்டு. இருந்தால் அதைத் தாண்டி, வண்டியின் எர்த் கம்பி உடம்பில் சேரும் போல்ட்டில் கட்டுங்கள். இல்லையென்றால் வண்டிக்குப் பேட்டரியின் நிலை சரியாகத் தெரியாமல் சார்ஜ் குழம்பும்.

இன்வெர்ட்டரை எங்கே வைப்பது? இன்ஜின் பக்கம் வேண்டாம், வெப்பம் அதைக் கொல்லும். திறந்த தொட்டியிலும் வேண்டாம், மழையும் தூசியும் இருக்கின்றன. பின் இருக்கைக்குப் பின்னால், விசிறிக்குக் காற்று போகும்படி நிறுத்துங்கள். அங்கிருந்து தொட்டிக்குப் போவது 120 வோல்ட் என்பதால் மின்னோட்டம் 8 ஆம்பியருக்குச் சற்று மேல்தான். 14 கேஜ் ரப்பர் உறைக் கம்பி போதும். ஆனால் பல இழைக் கம்பியாக இருக்கட்டும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றை இழைக் கம்பி வண்டியின் அதிர்வில் ஒடியும். தகட்டைத் துளைக்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் டாங்கும் பிரேக் குழாய்களும் தொட்டிக்குக் கீழேதான் ஓடுகின்றன. துளையின் விளிம்புக்கு பெயிண்ட் பூசி, ரப்பர் வளையம் போட்டுப் பிறகு கம்பியை விடுங்கள். வெளியே, கம்பி செருகியிருக்கும்போதும் மூடிக்கொள்ளும் பெரிய மூடியுள்ள பெட்டியைப் பொருத்துங்கள்.

மழையில் நனைந்த கையோடு தொடப்போகிற இடம் அது. அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஊரில் கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் பிரேக்கர் இருக்கிறதே, அதன் இந்த ஊர் உறவினர் ஜி.எஃப்.சி.ஐ. நம் வீட்டில் அது 30 மில்லிஆம்பியரில் வெட்டும், இது 5 மில்லிஆம்பியர் வாக்கிலேயே வெட்டிவிடும். ஆனால் கடையில் வாங்கிய ஜி.எஃப்.சி.ஐ.யை எந்த இன்வெர்ட்டரின் பின்னாலும் மாட்டினால் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். பல மலிவு இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் டக்கென்று வெட்டும். உண்மையான கசிவு வரும்போது வெட்டாமல் இருக்கக்கூடும். அதைச் சரிசெய்கிறேன் என்று நீங்களே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்தால் இன்வெர்ட்டர் புகைந்துவிடலாம். வாங்கும்போதே ஜி.எஃப்.சி.ஐ. பொருத்திய, யூ.எல். 458 சான்று உள்ள இன்வெர்ட்டராகப் பாருங்கள். வண்டிகளில் வைக்கும் இன்வெர்ட்டர்களுக்கான பாதுகாப்புத் தரம் அது. பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். முதல் வண்டியில் இன்வெர்ட்டரின் சுவிட்ச் இருக்கைக்குப் பின்னாலேயே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை சார்ஜரைக் கழற்றினேன், இன்வெர்ட்டரை அணைக்கவில்லை. எதுவும் செருகாமலே அது ஓர் ஆம்பியர் அளவுக்குக் குடித்துக்கொண்டிருந்தது. திங்கள் காலைக்குள் 60 மணி நேரம். சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற ஓசை மட்டும் வந்தது. வெளியே மைனஸ் 15 டிகிரி. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. அன்றைய கூலி போனதைவிட, மேலாளரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வண்டிக்குள் உட்கார்ந்திருந்ததுதான் இன்னும் நினைவிலிருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு ரிமோட் சுவிட்ச், சாவியை எடுத்தால் தானே அணையும்படி. அந்த வாரமே அதைப் போட்டேன். நீங்கள் முதல் நாளே போடுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுமே என்பீர்கள். பெரும்பாலும் 10.5 வோல்ட் வாக்கில்தான் நிற்கும். அதற்குள் இன்ஜினைக் கிளப்பும் தெம்பு பேட்டரியில் இருக்காது.

பெரிய சுமை ஓடும்போது இன்ஜின் ஓடட்டும், ஆனால் வெளியே. குளிருக்காகக் கராஜுக்குள் நிறுத்தி, கதவைப் பாதி திறந்து வைத்திருக்கிறேன் என்றாலும் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் உள்ளே தூங்குகிறவர்களையும் அது எட்டும். புயலில் கரண்ட் போனால் இந்த இன்வெர்ட்டரை வீட்டுச் சுவர் பிளக்கில் மாட்டும் யோசனையும் வேண்டாம். கரண்ட் பின்னோக்கித் தெருக் கம்பிக்கு ஏறும், மின்கம்பத்தில் வேலை செய்பவருடைய உயிர் அதில் இருக்கிறது.

இதையெல்லாம் நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால், தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது போல இங்கே முடியாது. கார் ஆடியோ பொருத்தும் கடைக்குப் போங்கள். பெரிய ஆம்ப்ளிஃபயர்களுக்குத் தடித்த கம்பியும் ஃபியூஸும் போடுவது அவர்களுக்கு அன்றாட வேலை. மணிக்கணக்கில் கூலி வாங்குவார்கள் என்பதால் கம்பியையும் லக்கையும் நீங்களே வாங்கிக்கொண்டு போகலாமா என்று முதலில் கேளுங்கள். வண்டிக்கு உத்தரவாதம் மிச்சம் இருந்தால், வெளியிலிருந்து ஒரு பாகம் மாட்டினாலே அது மொத்தமாகப் போய்விடும் என்று சொல்லும் டீலர்களுக்குப் பயப்படாதீர்கள். 1975-இல் வந்த மேக்னுசன்–மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, நீங்கள் மாட்டிய பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் கம்பி சரியில்லாமல் மின்பகுதி கெட்டால் அந்தச் செலவு உங்களுடையதுதான்.

பிற்காலத்தில் வண்டியை மாற்றும்போது தொழிற்சாலையிலேயே பிளக் பாயிண்ட் வைத்து வருவதைப் பாருங்கள். 2021 முதல் ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிடில் 7.2 கிலோவாட் வரை தருகிறார்கள். அதில் நீங்கள் கேட்ட வட்ட ரம்பமும் ஓடும்.

உங்கள் வண்டி எந்த ஆண்டுடையது, பேட்டரி முனையிலிருந்து பின் இருக்கை வரை தரை ஓரமாக அளந்தால் எத்தனை அடி, சார்ஜரின் சீட்டில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் அனுப்புங்கள். கம்பியையும் ஃபியூஸையும் கணக்குப் போட்டு எழுதுகிறேன். அதுவரை அந்த 2000 வாட் பெட்டியை வாங்காதீர்கள்.