விடிகாலை ஓடிபி

கேள்வி: வயது 47. பரிமாற்ற மாணவியாக ஒரு செமஸ்டருக்கு வெளிநாடு வந்து ஆறு வாரம் ஆகிறது. விடுதியில் எல்லோரும் இருபது வயதுப் பிள்ளைகள். யாரும் என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. வகுப்பில் தூக்கம் அசத்துகிறது, படித்தது நிற்கவில்லை. வீட்டில் கணவர் காலையில் பணம் கட்டும்போது ஓடிபி என் எண்ணுக்குத்தான் வரும் என்பதால் இங்கே நாலு மணிக்கே எழுந்துவிடுகிறேன். இந்த வயதில் படிக்க வந்தது தப்போ? – ஒரு வாசகி

பதில்: வயதைப் பற்றிப் புலம்பும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. உங்கள் கடிதத்தில் உருப்படியான வரி அந்த ஓடிபி வரிதான்.

நாலு மணிக்கு எழுந்தால் இரவு ஒன்பதுக்குக் கண் செருகும். விடுதிப் பிள்ளைகள் பொதுச் சமையலறையில் கூடுவதே அதற்கப்புறம்தான். பிறகு யார் உங்களைச் சேர்த்துக்கொள்வது? படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும்; அதைத்தான் தினமும் வெட்டுகிறீர்கள்.

உங்கள் கணவருக்கு மின்கட்டணம் கட்டத் தெரியாதா, அல்லது தெரியவே விடவில்லையா? சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே கடல் தாண்டிப் போவதற்குப் பெயர் பொறுப்பா? நாம் இல்லாதபோதும் வீடு நடக்கும்படி செய்துவைப்பதுதான் கடமை என்பேன். அதை நீங்கள் கிளம்பும் முன்பே செய்திருக்க வேண்டும்.

இந்த வாரமே செய்யுங்கள். வீட்டுச் செலவுப் பணம் மாதத்துக்கு ஒருமுறை அவர் கணக்குக்குத் தானாகப் போகட்டும். மின்சாரம், இணையம், காப்பீடு எல்லாவற்றையும் அவர் கணக்கிலிருந்து கழியும்படி அவரே பதியட்டும். ஓடிபியும் அவர் எண்ணுக்கே போகும். கூட்டுக் கணக்கு என்றால் அவருக்குத் தனி லாகின் வேண்டும். வங்கிக்கு அலைய வேண்டியிருந்தால் அலையட்டும். முதல் மாதம் ஏதோ ஒன்று தவறி அபராதம் வரும். வரட்டும், குறுக்கே போகாதீர்கள். ஓடிபியைப் போனில் வாசித்துக்காட்டும் பழக்கமே ஆபத்து. நாளைக்கு வங்கியிலிருந்து பேசுவதாக எவனாவது கேட்டாலும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

ஆனால் பழைய எண்ணை விட்டுவிடாதீர்கள். அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, எஸ்எம்எஸ் வரும்படி ரோமிங் சேவையை வைத்து, காலாவதியாகாமல் ரீசார்ஜ் செய்யுங்கள். எண் போனால் உங்கள் சொந்தக் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாது. இரவில் போனைத் 'தொந்தரவு செய்யாதே' நிலையில் போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் மட்டும் மணி அடிக்கும்படி அதில் வைக்கலாம். அவசரத்துக்கு அது போதும்.

சமையலறையில் ஒன்பதரைக்குப் போய் உட்காருங்கள். அந்தப் பிள்ளைகளின் பாத்திரங்களைக் கழுவிக்கொடுத்து அங்கேயும் அம்மாவாகிவிட வேண்டாம்.

படிப்பு மூச்சு முட்டினால் பரிமாற்றத் திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் போங்கள். ஆறு வாரத்தில் பாடம் மாற்றும் கெடு அநேகமாக முடிந்திருக்கும்; ஒன்றைக் கைவிடும் கெடு மிச்சம் இருக்கலாம். விசாவுக்குக் குறைந்தபட்சப் பாடச்சுமை உண்டா என்று முதலில் கேளுங்கள். எந்தெந்தப் பாடம் படிப்பீர்கள் என்று எழுதிய கற்றல் ஒப்பந்தத்தைத் திருத்தி இரண்டு பல்கலைக்கழகங்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பாடத்தைக் குறைத்தால், ஊர் திரும்பியதும் பட்டத்துக்கான பாட கிரெடிட் எண்ணிக்கையில் இடிக்கும்.