அடாப்டிவ் குரூஸ் கேள்வி பதில்: ஹபரணை ரோட்டில இருந்து கடவத்தை ட்ராஃபிக் வரைக்கும்

2025ல வாகன இறக்குமதி திரும்பத் திறந்தாப்பிறகு திருமலையில ரெய்ஸ், வெசல், யாரிஸ் குரொஸ் எண்டு கனக்க ஜப்பான் கார் ஓடுது. ஸ்டீரிங்ல இருக்கிற குரூஸ் பட்டனைப் பற்றி வந்த கேள்வியளுக்கு ஒவ்வொண்டா பதில் போடுறன்.

கேள்வி (உவர்மலை): அண்ணை, இதைப் போட்டா கொழும்பு மட்டும் பிரேக்கில கால் வைக்கவே தேவையில்லையாம், உண்மையோ?

பதில்: ஆர் தம்பி சொன்னது, கார் வித்த ஆளோ? பழைய குரூஸ் வேகத்தை மட்டும் பிடிச்சு வைச்சிருக்கும். இந்த அடாப்டிவ் குரூஸ் ரேடாராலயோ கமராவாலயோ முன்னுக்குப் போற வாகனத்தைப் பாத்து, தூரத்தையும் வேகத்தையும் கணக்குப் பண்ணி, ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் தானே கவனிக்கும். 1995ல மிட்சுபிஷி டயமன்ட்ல லேசரோட வந்தது பிரேக்கே பிடிக்காது, த்ரொட்டிலையும் கியரையும் குறைக்கிறதோட சரி. 1999ல மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல ரேடாரோட வந்தது பிரேக்கும் பிடிச்சுது. இப்பத்தையான் கார்லயும் குரூஸ் பிடிக்கிற பிரேக் மெதுவான பிரேக்தான், சடாரெண்டு பிடிக்க வேண்டிய இடத்தில உங்கட கால்தான் போகவேணும்.

கேள்வி (கிண்ணியா): எங்கட வெசல் 2018. வேகம் 30க்குக் கீழ வந்தா பீப் எண்டு அடிச்சு குரூஸ் விட்டிடுது. கராஜுக்குக் கொண்டு போகவோ?

பதில்: பழுதில்ல நானா, அந்த மொடல் அப்பிடித்தான். இதில ரெண்டு வகை இருக்கு, ஒண்டு 30க்கு மேல மட்டும் வேலை செய்யும், மற்றது முன் வாகனம் நிண்டா தானும் போய் நிக்கும். வெசல்ல 2021ல வந்த புது மொடல்தான் ரெண்டாவது வகை. இன்னொண்டு, 2016க்குப் பிறகு வந்த ப்ரீமியோவில டொயோட்டா சேஃப்டி சென்ஸ் எண்ட பாதுகாப்புத் தொகுதி இருக்கெண்டு விளம்பரத்தில போடுவினம், அது உண்மை, ஆனா அதில இருக்கிறது ‘சி’ வகை, ரேடார் குரூஸ் (அடாப்டிவ் குரூஸுக்கு டொயோட்டா சொல்லுற பேர்) அதுக்குள்ள இல்ல. வாங்க முதல் ஓடிப் பாருங்கோ.

கேள்வி (உப்புவெளி): மாசத்தில ரெண்டு தரம் கொழும்பு போறனான், கடவத்தையில ஊர்ந்து ஊர்ந்து கால் நோகுது. அந்த ட்ராஃபிக்கில போடலாமோ?

பதில்: நிண்டு போற வகையெண்டா தாராளமாப் போடுங்கோ. என்னைக் கேட்டா இந்தச் சாமானுக்குக் குடுத்த காசு ஹைவேயில இல்ல, கடவத்தையிலதான் திரும்ப வருது. ஆனா கவனிக்க வேண்டியது மூண்டு நாலு இருக்கு. முன் வாகனம் நிண்டு உடனே வெளிக்கிட்டா உங்கட காரும் தானா வெளிக்கிடக்கூடும், நிசான்ர புரோபைலட் எண்ட குரூஸ்ல அது கிட்டத்தட்ட 3 செக்கன், அதுக்கு மேல நிண்டா குரூஸைத் திரும்பத் தொடங்குற ரெஸ் (RES) பட்டனை அமத்தவேணும், இல்லாட்டி ஆக்ஸிலேட்டரை லேசாத் தட்டவேணும். அமத்த முதல் பம்பருக்கு முன்னால பாருங்கோ, ஏனெண்டா அந்த நேரம் பாத்துத்தான் ஒரு மோட்டச்சைக்கிள் குறுக்கால புகுந்து நிக்கும், அவ்வளவு கிட்ட ஓரமா நிக்கிறது சென்சருக்குத் தெரியாமலும் போகலாம். எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் இல்லாத சில சின்னக் காருகள் நிண்டு ரெண்டு செக்கனால பிரேக்கை விட்டிட்டு மெல்ல ஊரத் தொடங்கும், கார் நிண்டிட்டுது தானே எண்டு ஃபோனைப் பாத்துக்கொண்டிருந்தா முன் பஸ்ஸில போய்ச் சாத்தும். பிறகு, ஏற்கெனவே நிக்கிற வரிசையின்ர வாலுக்கு வேகமா வந்து சேரேக்க இதை நம்பாதீங்கோ, நீங்களே பிரேக் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு, வரிசையில சேந்தாப்பிறகு போடுங்கோ.

கேள்வி (சீனன்குடா): குருநாகல் - மீரிகம ஹைவேயில போட்டா இடைவெளிக்குள்ள ஒவ்வொருத்தனாப் புகுறான், கார் ஒவ்வொரு தரமும் பிரேக் பிடிக்குது, பின்னுக்கு வாறவன் ஹோர்ன் அடிக்கிறான். கிட்டவான இடைவெளிக்கு மாத்தட்டோ?

பதில்: மாத்தாதீங்கோ. 100ல செக்கனுக்கு 28 மீற்றர் ஓடுறியள், ரெண்டு செக்கன் இடைவெளியெண்டாலே 55 மீற்றர், அது கூடின தூரமில்ல. நடு அளவில வைச்சு இடது லேனில போங்கோ. புகுறவன் புகட்டும், அவன் உங்களை விட வேகமாப் போறவனெண்டா கொஞ்சத்தில தானா விலகிடுவான்.

கேள்வி (தம்பலகாமம்): கந்தளாய் - ஹபரணை ரோட்டில இரவில போடலாமோ? ரோட் வெறிச்சோடித்தானே கிடக்கு.

பதில்: வெறிச்சோடிக் கிடக்கிறபடியாத்தான் போடக்கூடாது எண்டுறன். ரேடார் ஓடுற வாகனத்தைப் பின்தொடரச் செய்தது. அசையாம நிக்கிறதையெல்லாம் கணக்கில எடுத்தா ஒவ்வொரு போர்டுக்கும் பாலத்துக்கும் கார் பிரேக் பிடிச்சுக்கொண்டிருக்கும், அதால நிக்கிற சாமான் கனக்கத்தை அது தள்ளி விட்டிடும். அந்த ரோட்டில இரவில நிக்கிறது ஆர்? யானை. கந்தளாய்ப் பக்கம் மாடு, திருமலை டவுனுக்குள்ள வந்தா மான். லைட் இல்லாம ஓரத்தில நிக்கிற ட்ராக்டர் பெட்டியும் அதே கணக்குத்தான். லோ பீம் வெளிச்சம் ஒரு 40 மீற்றருக்குத்தான் காணும், 70ல செக்கனுக்கு 19 மீற்றர், அப்ப கண்ணில பட்டு ரெண்டு செக்கன்தான் மிச்சம். கால் பெடலில இல்லாம மடிச்சு வைச்சிருந்தா அதில அரைவாசி காலைத் தேடவே போயிடும்.

பகலிலயும் ஒரு வில்லங்கம் சொல்லுறன். 70க்கு செட் பண்ணிட்டு 30ல போற ட்ராக்டருக்குப் பின்னால போறியள், ட்ராக்டர் வயல் ஒழுங்கைக்குள்ள திரும்பினதும் கார் செட் பண்ணின 70க்குப் பாயப் பாக்கும். அதுக்கு முன்னால பள்ளிக்கூடப் பிள்ளையள் சைக்கிளில போயினமோ எண்டு அது யோசிக்காது. இல்லாட்டி முன்னுக்குப் போற லொறி, நிக்கிற த்ரீவீலுக்கு டக்கெண்டு வெட்டி விலகினா, உங்கட காருக்கு முன்னால திடீரெண்டு நிக்கிற த்ரீவீல் மட்டும்தான். அந்த இடத்தில குரூஸ் பிரேக் பிடிக்கும் எண்டு நம்பி இருக்கேலாது. லொறிக்குப் பின்னால போகேக்க கூடின இடைவெளியை வையுங்கோ.

கேள்வி (திருக்கடலூர்): புதுக்காருக்குக் கோயில்ல பூசை செய்தது, அடுத்த நாள் ‘சென்சரைத் துடை’ எண்டு மெசேஜ் வருது. என்ன மாதிரி?

பதில்: லோகோவில அப்பின சந்தனத்தையும் கிரில்லில தொங்குற தேசிக்காயையும் ஒருக்கா பாருங்கோ. கனக்க டொயோட்டாவில ரேடார் லோகோவுக்குப் பின்னாலதான் இருக்கு. பூசை நல்லாச் செய்யுங்கோ, பொட்டை பொனட்டில வையுங்கோ, தேசிக்காயைப் பக்கத்தில கட்டுங்கோ. கண்ணாடியில மேல கமராவுக்கு முன்னால ஸ்டிக்கரும் ஒட்டாதீங்கோ. முன் கண்ணாடி மாத்தினா கமராவைத் திரும்பக் கலிபிரேட் பண்ணவேணும், அதாவது அது பாக்கிற திசையைச் சரியா செட் பண்ணவேணும். மார்கழி மழையில இதே மெசேஜ் வந்தா பழுதில்ல, மழை விட்டா போயிடும்.

கேள்வி (நிலாவெளி): சில நேரம் முன் வாகனத்தைக் கண்டும் கார் குறையாமப் போகுது. எங்கட டொயோட்டாவில எல்லாம் ஜப்பான் எழுத்து, விளங்குதில்ல.

பதில்: குரூஸ் பட்டனைக் கூட நேரம் அமத்திப் பிடிச்சிருப்பியள். கனக்க டொயோட்டாவில ஒண்டரைச் செக்கன் அளவு பிடிச்சா சாதாரண குரூஸுக்கு மாறிடும், அது முன் வாகனத்தைப் பாக்காது. எழுத்தை விடுங்கோ, படத்தைப் பாருங்கோ. மீட்டரில காரும் அதுக்குப் பின்னால கோடுகளும் தெரிஞ்சா ரேடார் குரூஸ். வெறும் வேகமீட்டர் படமெண்டா சாதாரணம், உடனே ஓஃப் பண்ணிட்டு, பட்டனை அமத்திப் பிடிக்காம ஒரு தட்டு மட்டும் தட்டித் திரும்பப் போடுங்கோ.