டவுன்செண்ட் ஹாரிஸ்: பீங்கான் வியாபாரி எப்படி ஜப்பானுக்குத் தூதரானார்?

1804-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஹாரிஸ் சிறு வயதிலேயே படிப்பை விட்டு வியாபாரத்துக்கு வந்தவர். நியூயார்க் நகரில் பீங்கான் பாண்டங்களை இறக்குமதி செய்து விற்றார். தனக்குக் கிடைக்காத படிப்பு ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று, நகரக் கல்வி வாரியத் தலைவராக இருந்தபோது இலவசக் கல்லூரிக்காகப் போராடினார். 1847-இல் அது உருவானது. இன்றைய நியூயார்க் சிட்டி காலேஜ் அதுதான். என் பார்வையில் அவருடைய ஆகப்பெரிய சாதனை இதுவே.

பிறகு கிழக்காசியக் கடல்களில் வணிகம். 1856-இல் ஜப்பானுக்கான முதல் அமெரிக்கத் தூதராக ஷிமோடா துறைமுகத்தில் இறங்கினார். கியோகுசென்ஜி என்ற புத்தர் கோயில்தான் தூதரகம். பின்னால் போர்க்கப்பல் பலம் இல்லை. பொறுமையாகப் பேசியே 1858-இல் வணிக ஒப்பந்தம் முடித்தார். ஆனால் அதன்படி ஜப்பானில் குற்றம் செய்யும் அமெரிக்கரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. ஜப்பானியர் அதைச் சமமற்ற ஒப்பந்தம் என்றது நியாயமே.

1861-இல் அவருடைய மொழிபெயர்ப்பாளர் ஹென்றி ஹியூஸ்கன் வெட்டிக் கொல்லப்பட்டார். மற்ற நாட்டுத் தூதர்கள் யோகோஹாமாவுக்கு விலகியபோதும், ஹாரிஸ் எடோவிலேயே (இன்றைய டோக்கியோ) இருந்தார். 1862-இல் ஊர் திரும்பி, 1878-இல் நியூயார்க்கில் காலமானார்.