லைப்ரரிக்கு எத்தனை பேர் வந்தாங்கங்கறது கணக்கே இல்ல – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஒரு மருந்துக் கம்பெனியோட ஆராய்ச்சிப் பிரிவுல லைப்ரரியனா இருக்கேன். எல்லாம்தான் ஆன்லைன்ல கிடைக்குதே, கேட்டவங்களுக்குத் தகவல் தேடிக் கொடுக்கற ரெஃபரன்ஸ் சர்வீஸுக்குன்னு ரெண்டு பேர் சம்பளம் எதுக்குன்னு ஃபைனான்ஸ்ல கேக்கறாங்க. என்ட்ரி ரெஜிஸ்டர்ல ஒரு நாளைக்கு ஏழெட்டு பேர்கூட இல்ல, கேள்வி எல்லாம் மெயில்லயும் போன்லயும்தான் வருது. ஃபீட்பேக் ஃபார்ம் கொடுத்தா எல்லாரும் ‘குட்’னு டிக் பண்ணிட்டுப் போயிடறாங்க. எப்படி சார் கணக்கு காட்டறது? பேர் போட வேண்டாம்.

வணக்கம்மா,

ஃபைனான்ஸ் கேட்டதுல தப்பில்ல, பணம் கொடுக்கறவங்க கேக்கத்தான் செய்வாங்க. ஆனா அந்த ரெஜிஸ்டரை மட்டும் அவங்க முன்னாடி வெச்சிடாதீங்க. ஆள் நேர்ல வராமலே பதில் அவங்க டேபிளுக்குப் போகுதுன்னா உங்க வேலை நல்லா நடக்குதுன்னு அர்த்தம். வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துன்னு நூலக அறிஞர் ரங்கநாதன் 1931லயே நூலகத்துக்கான அஞ்சு விதில நாலாவதா எழுதி வெச்சிருக்கார், அதனால கேட்டவங்களுக்கு எத்தனை மணி நேரம் மிச்சமாச்சுங்கறதுதான் முதல் கணக்கு.

‘சேவை எப்படி இருக்கு’ன்னு கேட்டா யாரும் முகத்துக்கு நேரா மோசம்னு எழுத மாட்டாங்க. கடைசியா எங்ககிட்ட என்ன கேட்டீங்க, அந்த பதிலால எந்த முடிவு மாறுச்சு, நாங்க இல்லேன்னா எப்படித் தேடியிருப்பீங்க, இந்த மூணையும் கேளுங்க. ஜோன் மார்ஷல்னு ஒரு ஆய்வாளர் அமெரிக்காவுல ராசெஸ்டர் பகுதியில 15 ஆஸ்பத்திரில கிட்டத்தட்ட இப்படித்தான் பண்ணாங்க. கையில இருக்கற ஒரு கேஸ் பத்தி லைப்ரரில தகவல் கேளுங்க, அதால என்ன மாறுச்சுன்னு சொல்லுங்கன்னு டாக்டர்களக் கேட்டாங்க. பதில் சொன்ன 208 பேர்ல 80 சதவீதம் பேர், தகவல் வந்ததால சிகிச்சைல ஏதோ ஒண்ண மாத்திச் செஞ்சோம்னாங்க, நோய் என்னங்கறதே மாறுச்சுன்னவங்க 29 சதவீதம். 1992ல வந்தது, இன்னிக்கும் அந்தக் கேள்விமுறைதான் எனக்குத் தெரிஞ்சு சரியானது.

மணிக்கணக்க ரூபாயா மாத்தும்போது கை தாராளமா போடாதீங்க, மிச்சமான நேரம் முழுக்க வேலையா மாறாது, பாதின்னு வெச்சாலே போதும். ஜர்னல் சந்தாவத் தனியா காட்டுங்க, ஏன்னா உங்க ரெண்டு பேர வீட்டுக்கு அனுப்பினாலும் சந்தா கட்டித்தான் ஆகணும். வர்ற கேள்வில பாதி ‘இந்த பிடிஎஃப் வேணும்’ ரகம்னா அதையும் மறைக்காம எழுதி, அத வேற வழியில செய்யலாம்னு நீங்களே சொல்லிடுங்க.

கணக்கு சரியா இருந்தா மட்டும் போதாதும்மா. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி 2004ல தானே ஒரு ரிப்போர்ட் போட்டு, லைப்ரரில போடற ஒரு டாலருக்கு 2லருந்து 5.7 டாலர் வரைக்கும் பலன்னு சொன்னுச்சு, அப்படி இருந்தும் 2006ல பட்ஜெட்ட வெட்டி சிகாகோ, டல்லஸ், கன்சாஸ் சிட்டி லைப்ரரிய எல்லாம் மூடிட்டாங்க. அப்புறம் அங்க வேலை பாக்கற ஊழியர் சங்கங்களே அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு எழுதி, காங்கிரஸ் தலையிட்டு, 2008லதான் திறந்தாங்க. அதனால உங்களுக்காக ஆராய்ச்சியாளர்கள் பேசணும், நீங்க மட்டும் பேசினா பத்தாது.

மணிக்கணக்குல வராத ஒண்ணும் இருக்கு. 2001ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில ஒரு ஆஸ்துமா ஆராய்ச்சிக்காக ஹெக்ஸாமெத்தோனியம்ங்கற மருந்த மூச்சுல இழுத்த 24 வயசுப் பொண்ணு, நல்ல ஆரோக்கியமா இருந்தவங்க, இறந்துபோனாங்க. அந்த மருந்து நுரையீரலக் கெடுக்கும்ங்கற தகவல் 1950கள்ல வந்த கட்டுரைகள்ல இருந்துச்சு, ஆனா ஆராய்ச்சி பண்ணினவங்க தேடின டேட்டாபேஸ்ல 1966லருந்து வந்த கட்டுரைங்கதான் இருந்துச்சு. தேடத் தெரிஞ்ச ஆள் எதுக்குன்னு காட்ட, மருந்துக் கம்பெனில இருக்கற நீங்க இத ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல வைக்கலாம்.

நான் வேலை பாத்த இடத்துல ஒருத்தர் நாலு மாசம் பண்ண இருந்த சோதனைய, எங்க அலமாரில இருந்த ஒரு பழைய ரிப்போர்ட்ட எடுத்துக் கொடுத்து நிறுத்தினோம். அன்னிக்கு யாரும் அத எழுதி வைக்கல. லைப்ரரிய மூடற பேச்சு வந்தப்ப அவர் வேற ஊருக்குப் போயிட்டார், என் கையில ஒரு துண்டுச்சீட்டுகூட இல்ல, மூடிட்டாங்க. அது இன்னும் மனசுல கிடக்கு.

அந்த மூணு கேள்விய இந்த வாரமே, போன ஆறு மாசத்துல உங்ககிட்ட கேட்ட எல்லாருக்கும் மெயில் போடுங்க. வர்ற பதில்ல பேரையும் கம்பெனி விஷயத்தையும் எடுத்துட்டு எனக்கு அனுப்புங்க, மணிக்கணக்க நாம சேந்தே போடலாம்.