போக ஏழு மணி நேரம், வர இரண்டு மணி நேரமா?

கே: சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் காலை 6.05-க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 8.00-க்கு ஏறினால் 9.40-க்கே சென்னை. ஒரே தூரம்தானே, எப்படி? – வாசகி, கும்பகோணம்

ப: டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது வரும் 6 மணி 50 நிமிடத்தில் இரண்டரையைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். வரும்போது 1 மணி 40 நிமிடத்தோடு இரண்டரையைக் கூட்டினால் 4 மணி 10 நிமிடம். சரியாகப் போயிற்றா? (சூரியனைப் பார்த்தால் சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி வித்தியாசமே போதும். 1982 முதல் கடிகாரத்தைத் தள்ளி வைத்திருப்பதால் அங்கே விடிவதே ஏழு மணி வாக்கில்தான். 6.05-க்கு இறங்கும்போது இருட்டாக இருந்தால் திகைக்க வேண்டாம்.)

அந்த நாலேகால் மணி நேரம் முழுக்க விமானம் பறப்பதில்லை. வாசலை விட்டு நகர்வதிலிருந்து, இறங்கிய பின் வாசலில் வந்து நிற்பது வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். தோராயமாக அறிய, கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து 40 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதி வித்தியாசம் காற்றினால். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். மணிக்கு 840 கி.மீ. போகும் விமானத்துக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 790-தான் கிடைக்கும். திரும்பும்போது அதே காற்று தள்ளினால் 890. இந்தத் தூரத்துக்கு 25 நிமிடம் போல வித்தியாசம் வந்துவிடும். டெல்லி–லண்டன் பாதையில் காற்றின் திசை நேர்மாறு. அங்கே காற்று மேற்கிலிருந்து வீசுவதால், மேற்கே உள்ள லண்டனுக்குப் போவதற்குத்தான் அதிக நேரம்.

கே: ஒரு இணையதளத்தில் சென்னை–சிங்கப்பூர் தூரம் 2,900, இன்னொன்றில் 1,800, மற்றொன்றில் 1,570. எது சரி? – வாசகர், தேவகோட்டை

ப: மூன்றும். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசி கடல் மைல் (1.852 கி.மீ.). மூன்றுமே உருண்டைப் பூமியில் மிகக் குறுகிய கோட்டின் நீளம். நிஜப் பாதை சற்று வளைந்து கூடுதலாகவே இருக்கும்.

கே: 15-ஆம் தேதி 12.20 ஏ.எம். விமானம். எப்போது கிளம்புவது? – வாசகர், திருவாரூர்

ப: பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். 15-ஆம் தேதி பிறந்து இருபதாவது நிமிடத்தில் விமானம் போய்விடும். ஆகவே 14-ஆம் தேதி இரவு 9.20-க்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கார் சொல்வதானாலும் ரயில் முன்பதிவானாலும் 14-ஐப் போடுங்கள். வந்து சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+1’ என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அழைத்துப் போக வருபவரிடம் அந்தத் தேதியையே சொல்லுங்கள்.